நெடுநாள் ஓடாத மொபெட்டைச் சீர்செய்தல்

திண்டுக்கல் சமவெளிக் குடியானவர்களுக்குப் பால் கேனையும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டையையும் சுமப்பது மொபெட் வண்டியாகும். 1980-ம் வருஷத்தில் ஓசூரில் உற்பத்தியாகி வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியும், அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும் கிராமங்களில் மிகுதி. கொட்டகையில் நெடுநாள் கிடந்த வண்டியை அவசரப்பட்டுக் கிளப்புதல் கூடாது. எண்ணெய் வற்றிய சிலிண்டரில் துருப் படிந்திருப்பின், பிஸ்டனும் வளையங்களும் கீறுண்டு, சிறு செலவு பெருஞ்செலவாகும்.

முதலாவதாக, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தில் சில துளி ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடவேண்டும். மறுநாள் எஞ்சினை மெதுவாகச் சுழற்றிப் பார்க்கவேண்டும். அசையாவிடில் பலவந்தம் செய்யாமல் மெக்கானிக்கிடம் சேர்ப்பிப்பதே நலம். அசையுமாயின், பிளக்கைத் துடைத்து மாட்டலாம்.

இரண்டாவதாக, பழைய பெட்ரோலை, நெருப்பும் பீடியும் அண்டாத திறந்தவெளியில் இறக்கவேண்டும். நாட்பட்ட பெட்ரோல் பிசின்போலாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனால் கலந்ததாயின் ஈரத்தையும் இழுக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துவாரம் அகன்று பெட்ரோல் விரயமாகும். ஆகையால் காற்றடித்தே சுத்தம் செய்யவேண்டும். ஏர் பில்டரையும் தூசி போக்கவேண்டும்.

மூன்றாவதாக, டூ-ஸ்ட்ரோக் வண்டியாயின், புதுப் பெட்ரோலில் தயாரிப்பாளர் குறித்த அளவு ஆயில் கலத்தல் அவசியம். அவ்வெஞ்சினின் பிஸ்டனுக்கு வேறு உயவு கிடையாது.

எஞ்சின் கிளம்பியது கொண்டு மட்டும் வண்டியைச் சாலையில் விடலாகாது. பிரேக், செயின், டயர் வெடிப்பு ஆகியவற்றைச் சோதித்தபின்னரே பாரம் ஏற்றவேண்டும். பதிவாகி 15 வருஷம் கடந்திருப்பின் பதிவைப் புதுப்பித்தலும், இன்ஷூரன்ஸ் செலுத்துதலும் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நன்று.