மூக்குக்கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் பணம் உண்டா?

நம் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், பருப்புப் பொட்டலத்தின் விலையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "வருஷாவருஷம் மெடிஷீல்டு லைஃபுக்குப் பணம் பிடிக்கிறார்களே தம்பி, கண்ணாடிக்கு அதில் தரமாட்டார்களா?" என்று கேட்டார்.

தரமாட்டார்கள். 2015-ல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்திட்டம் பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்கென ஏற்பட்டது. மெடிசேவும் கண்ணாடிக்கு உதவாது, கைப்பணந்தான். கண்புரை ஆபரேஷன் வேறு சங்கதி. அன்றே வீடு திரும்பினாலும் அதற்கு இரண்டும் உதவும்; முதலில் நாம் ஏற்கவேண்டிய தொகை ஒன்று உண்டு.

நாம் வற்புறுத்த விரும்புவது நீரிழிவுக்காரர் விஷயம். கண்ணாடிக்கு இல்லை என்றதும், கண் பரிசோதனைக்கும் இல்லையென்று நம்மவர் சிலர் சும்மா இருந்துவிடுகின்றனர். அது தவறு. பாலிகிளினிக்கில் விழித்திரையைப் படம் பிடிப்பார்கள். நாட்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ் அதற்கு மெடிசேவிலிருந்து கட்டலாம். விழித்திரைக் கேடு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. ஆகவே கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததை இந்தப் பரிசோதனையாகக் கொள்ளலாகாது.

பெரியவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷமாம். படம் ஒருமுறையும் எடுத்ததில்லையாம். நாள் குறித்து வர நம் பையனை உடன் அனுப்பினோம்.