சரக்கு வண்டியில் ஒரு பாதுகாப்புப் பெட்டி
(அங்கத்தினர் வாசிப்புக் குழுக்களுக்கான பாடம்)

தறியில் நெய்த சேலையும் தோட்டத்தில் பறித்த பூவும் உரிய விலைக்கு விற்று, அதன் பணம் உழைத்தவர் கையைச் சேரும்போதுதான் உழைப்பு நிறைவு பெறுகிறது. அதற்கு முன் அப்பொருளும் பணமும் சில மணி நேரம் ஒரு சிறு சரக்கு வண்டியில் பயணம் செய்கின்றன. சங்க அலுவலகத்தில் இரும்புப் பெட்டகம் வைத்து, இருவர் கையில் இரு சாவிகளை ஒப்படைத்துப் பணத்தைக் காக்கும் நாம், அதே பணம் வழியில் வரும்போது துணிப்பையிலும் இருக்கையின் இடுக்கிலும் கிடப்பதைப் பொருட்படுத்துவதில்லை. இக்குறையைப் பெருஞ்செலவின்றி நீக்கும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. காக்க வேண்டியவை எவை?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூர், பூவிருந்தவல்லி வழியாக வருகிறது. திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களின் சரக்கு ஆவடி, அம்பத்தூர் வழியாக நகருக்குள் நுழைகிறது. பூவும் காய்கறியும் பயிரிடுவோர் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோயம்பேடு அங்காடிக்கு விடியுமுன் சென்று, காலையில் பணத்துடன் திரும்புகின்றனர். ஆகவே இந்தச் சாலைகளில் போகும்போது சரக்கும் வரும்போது ரொக்கமும் பயணம் செய்கின்றன.

இவை யாவற்றையும் ஒரே விதமாகக் காக்க இயலாது. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நலம். முதலாவது, பருமனான சரக்கு. காய்கறி மூட்டையும் துணிக்கட்டும் இவ்வகை. இவற்றுக்குத் தார்ப்பாயும், இறுக்கிய கயிறும், ஆள் துணையுமே காவல். இரண்டாவது, சிறிய உருவில் பெருமதிப்புடையவை: ரொக்கம், பட்டு நூல், ஜரிகை. ஜரிகையை நெசவாளர் மார்க் கணக்கில் வாங்குகின்றனர்; ஒரு மார்க் என்பது ஏறக்குறைய 240 கிராம். அசல் ஜரிகையில் வெள்ளியும் பொன்னும் சேர்வதால், ஒரு கைப்பையில் அடங்கும் ஜரிகை பல குடும்பங்களின் பல மாதக் கூலிக்குச் சமமாகலாம். மூன்றாவது, தாள்கள்: ரசீதுப் புத்தகம், காசோலைப் புத்தகம், சங்கத்தின் பாஸ் புத்தகம் முதலியன. இவை திருடனுக்குப் பயன்படா. நமக்கோ இவை போனால் கணக்கே நின்றுவிடும்.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்குமே பூட்டும் பெட்டி தேவை. எல்லாவற்றையும் அதில் அடைக்க எண்ணிப் பெரிய பெட்டி செய்வது வீண் செலவு. மேலும் அது கண்ணை உறுத்தும்.

2. பெட்டியின் அமைப்பு

60 சென்டிமீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெட்டி ஒரு சங்க வண்டிக்குப் போதும். இதற்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் தகடு வேண்டும். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தால் எடை ஏறக்குறைய 15 கிலோ. 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் 23 கிலோ. முக்கால் டன் சுமக்கும் வண்டிக்கு இது பெரும் பாரமன்று.

ஆயினும் இக்கணக்கில் ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. 23 கிலோ என்பது ஒரு மனிதன் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய எடை. வண்டியோடு பிணைக்காத பெட்டி எத்துணை உறுதியாயினும் பயனில்லை. மதிப்புள்ள பொருள்களையெல்லாம் ஒன்று சேர்த்து, கைப்பிடியும் வைத்து, திருடனிடம் நாமே கொடுப்பதற்கு அது ஒப்பாகும். ஆகவே பெட்டியினும் அதன் பிணைப்பே முதன்மையானது.

பிணைக்கும்போது பெட்டியின் உட்புறமிருந்து நான்கு போல்ட்டுகளைக் கீழ்நோக்கிச் செலுத்த வேண்டும். வண்டியின் தரைத் தகடு மெல்லியதாதலால், கீழ்ப்புறம் வெறும் வாஷரை வைக்காமல், கையகல இரும்புப் பட்டை ஒன்றை வைத்து நட்டுகளை முடுக்க வேண்டும். இல்லையேல் கடப்பாரையால் நெம்பும்போது தரைத் தகடே கிழிந்து பெட்டி பெயர்ந்து வரும். முடுக்கிய நட்டுகளின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் கீழிருந்தும் கழற்ற இயலாது. துளையிடுமுன் அடியில் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், மின்கம்பி ஆகியவை செல்லவில்லை என உறுதி செய்வது அவசியம். வண்டியின் அடிச்சட்டத்தில் துளையிடுவதோ வெல்டிங் செய்வதோ அறவே கூடாது. வண்டியின் பலமே குன்றும்.

மூடி, பெட்டியின் விளிம்பைக் கவிந்து மூட வேண்டும். கீல்கள் உட்புறம் அமைய வேண்டும். வெளியில் தெரியும் கீலை உளியால் வெட்டிவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. மழை நீர் இறங்காதபடி விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒட்டி, உள்ளும் புறமும் துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பட்டு நூலுக்குத் திருடனைப் போன்றே ஈரமும் பகை.

இடத்தைப் பொறுத்தவரை வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. ‘குட்டி யானை’ என்று நம்மவர் அழைக்கும் டாட்டா ஏஸ் போன்ற வண்டிகளில் என்ஜின் இருக்கைக்கு அடியிலேயே அமைந்துள்ளது. அங்கே பெட்டி வைத்தால் வெப்பம் தாக்கும், பழுது பார்ப்பதும் கடினம். அத்தகைய வண்டியில், சரக்குத் தொட்டியின் முன் மூலையில், ஓட்டுநர் அறையின் பின் சுவரை ஒட்டிப் பெட்டியை அமைப்பதே தக்கது; சரக்கு ஏற்றியபின் அது வெளியே தெரியாது. பொலேரோ பிக்கப் போல முன்புறம் என்ஜின் உள்ள வண்டிகளில், இருக்கைக்குப் பின்னுள்ள இடம் போதுமாயின் அங்கே அமைக்கலாம். 1960களில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றித் தகட்டு வேலைப் பட்டறைகள் பல உள. அளவைத் தாளில் வரைந்து கொண்டு சென்றால் இத்தகைய பெட்டியை எளிதில் செய்து தருவர்.

3. பூட்டு

நல்ல பெட்டிக்கு மட்டமான பூட்டுப் போடுவது பலரிடம் காணும் வழக்கம். நெம்புத் தகட்டுப் பூட்டு வேலை செய்யும் முறையை அறிந்தால் நல்லதைத் தேர்வது எளிது. அதனுள் பல தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினாலன்றித் தாழ் நகராது. ஒரு தகடு சிறிது கூடினாலும் குறைந்தாலும் பூட்டுத் திறவாது. ஆகவே தகடுகள் மிகுதியாக உள்ள பூட்டே கள்ளச் சாவிக்கு இடங்கொடாது.

இவ்வகைக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு விண்ணப்பித்தது அவ்வூர்ப் பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் அவ்வாண்டிலேயே குறியீடு பெற்றது. சேலை கொண்டு செல்லும் வண்டிக்கு நம்மைப் போன்ற தொழிலாளர் செய்த பூட்டை வாங்குவது பொருத்தமேயன்றோ!

ஆனால் சாவித் துளையை விட்டுவிட்டு, பூட்டின் வளையத்தை வெட்டுவதே திருடர் வழக்கம். ஆதலால் வளையம் வெளியில் நீட்டிக்கொண்டிராதபடி, பூட்டைச் சுற்றி மூன்று புறமும் தகட்டுக் கூடு வைத்து, சாவி நுழையும் வழியை மட்டும் திறந்துவிட வேண்டும். வெட்டுங் கருவியின் வாய் உள்ளே நுழைய இடமில்லையாயின் பூட்டு நெடுநேரம் தாங்கும்.

4. உண்டியல் முறை

பெட்டியின் ஒரு பகுதியை உண்டியலாக அமைப்பதே இப்பாடத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டிய செய்தி. மூடியில் நோட்டுக் கட்டு நுழையும் அளவுக்கு ஒரு வாய் வைத்து, அதன் கீழ் உட்புறம் சாய்ந்த தகடு ஒன்றைப் பொருத்தினால், போட்ட பணத்தைக் கம்பி விட்டு எடுக்க இயலாது. அந்தப் பகுதியின் சாவி வண்டியில் செல்லக்கூடாது. சங்க அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். அங்காடியில் பெற்ற பணத்தை எண்ணி, உறையிலிட்டு, தொகையை எழுதி, அங்கேயே உண்டியலில் போட்டுவிட வேண்டும். ஊர் திரும்பியபின் காரியதரிசியும் ஓர் அங்கத்தினரும் சேர்ந்து திறக்க வேண்டும்.

இதன் நன்மை இருவகைப்பட்டது. “இப்பெட்டியின் சாவி வண்டியில் இல்லை” என்று கதவில் எழுதி வைத்தால், ஓட்டுநரை மிரட்டிப் பயனில்லை என்பதை எவரும் அறிவர். அதனினும் பெரிது இரண்டாம் நன்மை. இருபது குடும்பத்தின் பணத்தைச் சுமந்து வரும் ஓட்டுநர் ஏழை. தொகையில் ஒரு நோட்டுக் குறைந்தாலும் முதல் ஐயம் அவர்மீதே விழுகிறது. நாணயமான மனிதர் ஒருவரது பெயர் இவ்வாறு கெடுமாயின், போன பணத்தை ஈடு செய்யலாம். போன நம்பிக்கையை ஈடு செய்வது அரிது. உண்டியல் முறை பணத்தோடு ஓட்டுநரின் மானத்தையும் காக்கிறது. இதை அவர்மீது கொண்ட அவநம்பிக்கை என்று எவரும் கருதலாகாது. வங்கியில் இரட்டைச் சாவி வைத்திருப்பது மேலாளரை இழிவு செய்வதற்கன்று.

இயன்றவரை ரொக்கத்தைக் குறைப்பதே சாலச் சிறந்தது. வணிகர் தரும் தொகையைச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தச் சொல்லலாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. தேர்தல் அறிவிப்புக் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்தைத் தக்க ஆதாரமின்றிக் கொண்டு சென்றால் பறக்கும் படையினர் கைப்பற்றுவர். ஆகவே விற்பனைச் சீட்டுகளின் நகலை எப்பொழுதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

5. பெட்டி தடுக்காதவை

கவனத்தைத் திருப்பிக் களவாடுவோரைப் பெட்டி தடுக்காது. பத்து ரூபாய்த் தாள்களைத் தரையில் சிதறவிட்டு, “உங்கள் பணம் விழுந்து கிடக்கிறது” என்பர். சக்கரத்தில் காற்று இல்லை, எண்ணெய் ஒழுகுகிறது என்பர். ஓட்டுநர் இறங்கியதும் மறுபக்கக் கதவு திறக்கப்படும். எவர் எது சொல்லினும், முதலில் பெட்டியும் கதவுகளும் பூட்டப்பட்டனவா எனப் பார்த்த பின்னரே இறங்க வேண்டும். தேநீருக்கு நிறுத்தும்போது வெளிச்சமுள்ள இடத்தில், வண்டி கண்ணில் படும்படி நிறுத்த வேண்டும். இரவில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் எதையும் விட்டுவைக்கக் கூடாது. பெட்டி பயணத்துக்கே உரியது, கிடங்கன்று. ஆயுதங்காட்டி வழிப்பறி செய்வோர் எதிர்ப்பட்டால் எதிர்த்து நிற்க வேண்டாம். எந்தச் சங்கமும் பணத்துக்காக ஓர் உயிரைக் கேட்கவில்லை.

6. களவு நேர்ந்தால்

புறப்படும்போதே பெட்டியில் வைத்தவற்றை எடை, எண், மதிப்புடன் இரு பட்டியலாக எழுதி, ஒன்றை அலுவலகத்தில் விட்டுச் செல்ல வேண்டும். பட்டியலில்லாத புகார் வலுவற்றது. பெட்டி உடைக்கப்பட்டிருந்தால் அதைத் தொடாமல், புகைப்படம் எடுத்து, 100 அல்லது 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை 2022ஆம் ஆண்டு தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தவை. கோயம்பேடோ சென்னையைச் சேர்ந்தது. களவு எந்த எல்லையில் நடந்ததென்று தெரியவில்லை என மயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். பதிவின் நகலை இலவசமாகப் பெறலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவுப்படி, சரக்கு வண்டியிலிருந்து பொருளைத் திருடுவோருக்கு ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

வண்டியின் காப்பீடு வண்டிக்கே உரியது. அதிலுள்ள ஜரிகைக்கும் பணத்துக்கும் அது ஈடு தராது. அவற்றுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். பூட்டாமல் விட்ட வண்டிக்கும், ஆளின்றி விட்ட வண்டிக்கும் இழப்பீடு மறுக்கும் நிபந்தனைகள் அதில் இருக்கலாம். ஆகவே கையெழுத்திடுமுன் அவற்றைக் காரியதரிசி உரக்க வாசித்து நிருவாகக் குழுவுக்கு விளக்குவது நன்று.

முடிவுரை

ஆவடிக்கு மேற்கே உள்ள திரூரில் 1904ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, தனித்தனியே கடன்பட்டு நலிந்தவர்கள் ஒன்று சேர்ந்தால் நிமிரலாம் என்பதே அதன் கருத்து. வண்டிக் காவலுக்கும் அக்கருத்துப் பொருந்தும். பெட்டியின் செலவை ஒருவரே ஏற்பது கடினம். சங்கம் ஏற்றால் எளிது. ஓட்டுநர் ஒருவரே பொறுப்பேற்பது நீதியன்று. சாவியையும் பட்டியலையும் பலர் பகிர்ந்துகொண்டால் பொறுப்பும் பகிரப்படும். அடுத்த நிருவாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசி முடிவு செய்யுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.

குழுவில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது வண்டியில் ஒரு நாளில் செல்லும் ரொக்கம், ஜரிகை ஆகியவற்றின் மிகுந்த மதிப்பு என்ன?
2. நமது வண்டியில் என்ஜின் எங்கே உள்ளது? பெட்டிக்கு ஏற்ற இடம் எது?
3. உண்டியலின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? அவர் வராத நாளில் திறப்பவர் யார்?
4. வழியில் பணம் குறைந்தால் ஓட்டுநரிடம் விசாரிக்குமுன் சங்கம் சரிபார்க்க வேண்டிய தாள்கள் எவை?