வற்றிய கண்மாயில் குடியிருப்பவர்கள்

சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில் இறங்கி வேலை பார்க்கத் தோதான காலம் பங்குனி முதல் ஆவணி வரை. தண்ணீர் வற்றி உள்வாய் காய்ந்திருக்கும். ஜேசிபி இறங்கினாலும் புதையாது. வரத்துக் கால்வாயைச் சீராக்க, கரையைப் பலப்படுத்த, நெய்வேலிக் காட்டாமணக்கையும் சீமைக் கருவேலத்தையும் அகற்ற, ஐப்பசி மழைக்கு முன்னால் இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளோடு பல கோடைகளாக இந்த வேலையில் இருக்கிறேன். நமக்கு வேலைக்காலமாக இருப்பதுதான் அங்கே வாழும் பல உயிர்களுக்கு முட்டையிடும் காலம். சிலவற்றுக்கு மண்ணுக்குள் அடங்கிக் கிடக்கும் காலம். இந்த மோதலை முன்கூட்டியே புரிந்துகொண்டால் இரண்டு தரப்புக்கும் சேதமில்லை.

தரையில் முட்டை

உள்வாயில் கால் வைத்ததும் முதலில் வரவேற்பது சிவப்பு மூக்கு ஆள்காட்டிதான். தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். நெருங்க நெருங்கத் தாழப் பாய்ந்து விரட்டும். அப்படிக் கத்தினால் அக்கம்பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். இது கூடு கட்டுவதில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே சிறு குழியில், பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும்.

அங்கேயே நின்று தேடக் கூடாது. கோடை வெயிலில் பறவை எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு ஆபத்து. இது வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிரவைக்கும் பறவை. வெயில் அவ்வளவு கொடியது. வந்த வழியே திரும்பி, தள்ளி நின்று பார்த்தால் கொஞ்ச நேரத்தில் அது எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்துவிடும். முட்டைக்குப் பக்கத்திலேயே குச்சி நட்டு அடையாளம் வைக்காதீர்கள், காகமும் நாயும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நான்கு பக்கமும் நன்றாகத் தள்ளிக் கல் வைத்தால் போதும்.

"முட்டைக்காகவா தம்பி வண்டிய நிறுத்தச் சொல்ற?" என்று ஜேசிபி ஓட்டுநர் கேட்டார். "நிறுத்த வேண்டாம்ணே, அந்த மூலைய மட்டும் கடைசியா எடுப்போம்" என்றேன். ஒப்புக்கொண்டார். அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 28 முதல் 30 நாள். பொரிந்த குஞ்சுகள் சீக்கிரமே நடக்கத் தொடங்கி இடத்தைக் காலி செய்துவிடும். வேலையின் வரிசையை மாற்றினால் போதும், வேலை எதுவும் குறையாது.

சேற்றுக்குள் ஆமை

மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஈரம் கடைசி வரை இருக்கும். கரம்பை மண் அள்ள எல்லாரும் ஓடுவதும் அங்கேதான். மண்வெட்டி கல்லில் பட்டதுபோல் சத்தம் கேட்டால் நிதானிக்க வேண்டும். அது பாலாமையாக இருக்கலாம். தண்ணீர் வற்றும்போது இது சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். தவளைகளும் அப்படியே.

கண்டெடுத்தவர்கள் இரக்கப்பட்டுச் செய்யும் இரண்டு காரியங்கள் ஆமைக்குக் கேடு: கிணற்றில் போடுவது, பக்கத்து ஊர்க் குளத்தில் விடுவது. படிக்கட்டுக் கிணற்றில்கூட அது மேலே ஏற முடியாமல் தவிக்கலாம். புது இடத்தில் இரையும் மறைவிடமும் தெரியாமல் திண்டாடும். அதே கண்மாயில், வேலை நடக்காத ஈரப் பகுதியில், சேற்றைத் தோண்டி வைத்து மூடிவிடுவதே சரி. வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. கலுங்குக் கல்லிடுக்கில் குடியிருக்கும் உடும்பும் அதே அட்டவணைதான். ஈரப் பள்ளத்தை மட்டும் இயந்திரத்துக்கு விடாமல் ஆள் வைத்து வெட்டுகிறோம்.

வெட்டிய குவியலும் பாம்பும்

முளைத்து நிற்கும் புதரைவிட, வெட்டிப் போட்ட குவியல்தான் ஆபத்து. காட்டாமணக்கை வெட்டி ஓர் இரவு விட்டுவிட்டால் மறுநாள் அது பாம்புக்கு நிழல், எலிக்கு வீடு. அன்றைய குவியலை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் நீளக் கம்பால் தட்டிக் கலைத்த பிறகே கை வைக்க வேண்டும். அப்படியே தீ வைப்பது கூடவே கூடாது. காட்டாமணக்குத் தண்டு ஈரம் பட்டால் திரும்பத் தழைக்கும் என்பதால், கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் காயவைப்பதுதான் முறை.

அதிகம் எதிர்ப்படுவது தண்ணீர்ப்பாம்பு. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கி நிமிரும். "நல்ல பாம்புடா!" என்று யாராவது கத்துவார்கள், கம்பு உயரும். அதற்கு நஞ்சு கிடையாது; விலகி வழிவிட்டால் ஓடிவிடும். அஞ்ச வேண்டியது கண்ணாடி விரியனுக்கு. பழுப்பு உடலில் சங்கிலிபோல் கரும்புள்ளிகள், தடித்த உடம்பு. ஓடாமல் சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்து, பிரஷர் குக்கர்போலச் சீறும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையால் தொடுபவர்களும் உண்டு. எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாதபோது தள்ளி நின்று தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

கணுக்கால் மூடிய பூட்ஸ், கையில் கம்பு, தயாராக ஒரு வண்டி: இவை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். கடிபட்டால் அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம்.

மிச்சம் வைக்கத் தெரிய வேண்டும்

பழைய நைலான் வலைகளையும் சேர்த்தே அள்ளுகிறோம். அதில் பாம்போ நாரையோ சிக்கியிருந்தால் இழுக்காமல், கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்ட வேண்டும். பறவையின் தலையைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். கத்தரிக்கோல் எங்கள் பையில் நிரந்தரம்.

நாட்டுக் கருவேல மரங்களைத் தொடுவதே இல்லை. மழைக்குப் பின் கண்மாய் நிறைந்ததும் கொக்கும் நீர்க்காகமும் அவற்றில்தான் கூடு கட்டும். சீமைக் கருவேலத்தைக்கூட ஒரே மூச்சில் வழிக்காமல் பகுதி பகுதியாக எடுத்து, வெறுமையான இடத்தில் நாட்டு மரக்கன்று வைத்த பிறகே அடுத்த பகுதிக்குப் போகிறோம். இதே மாவட்டத்தில் 1977இல் சரணாலயமான வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், இரண்டு மூலைகளை விட்டுக்கொடுப்பது நமக்கும் முடியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, நீர்வளத் துறையினுடையதா என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். பிறகு முந்தைய நாள் மாலையில் ஒருவரை அனுப்பி உள்வாய் முழுக்க நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலை நாளிலும் அவர் அரிவாள் எடுக்கக் கூடாது. இயந்திரத்துக்கு முன்னால் நடந்து பார்ப்பது மட்டுமே அவர் வேலை. 'ஓர் ஆள் சும்மா நிற்கிறாரே' என்று முதலில் முணுமுணுப்பார்கள். அவர் ஒரு விரியனைக் கண்டு எல்லாரையும் நிறுத்திய பிறகு அந்தப் பேச்சு எழாது.