தைலம் ஏறினால் மூக்கு நலமா?

கேள்வி: காய்ச்சலுக்குப் பின் நான்கு மாதங்களாக அம்மாவுக்கு வாசனை தெரியவில்லை, தலைவலித் தைலம் மட்டும் தெரிகிறது. அப்படியென்றால் மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது? ஊரார் சிமென்ட் தூசியைச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சமையலிலும் பேச்சிலும் நாட்டமே இல்லை.
– வாசகி, ஆலங்குளம்

பதில்: தைலத்தைக் கொண்டு மூக்கைச் சோதிக்கும் வழக்கம் இனியாவது ஒழிய வேண்டும். மெந்தாலும் கற்பூரமும் தரும் குளிர்ச்சியையும் எரிச்சலையும் அறிவது முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் வேறொரு நரம்பு என்பதால், மணநரம்பு முற்றிலும் செயலிழந்தவருக்கும் தைலம் சுள்ளென்று ஏறும். கண்ணை மூடிக்கொண்டு காப்பித்தூளை அடையாளம் காண முடிகிறதா என்பதே வீட்டில் செய்யத்தக்க சோதனை. சிமென்ட் ஆலை உள்ள ஊரில் எந்த நோய்க்கும் தூசியின் மேல் பழி விழுவது இயல்பே எனினும், காய்ச்சலோடு சட்டென்று போன மணத்துக்கு வைரஸ் தொற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

அம்மாவின் சோர்வைப் பிடிவாதம் என்று கொள்வது அதனினும் பெரிய தவறு. மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் எனும் இடைநிலையத்தைக் கடந்தே பெருமூளைப் புறணியை அடைய, மணச்செய்தியோ மூக்கின் கூரைக்கு மேலுள்ள மணமுகிழிலிருந்து, உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸுக்கு வாயிலாக அமைந்த பகுதிக்கும் நேராகச் செல்கிறது. எலிகளில் அம்முகிழை அகற்றினால் மனச்சோர்வை ஒத்த மாற்றங்கள் தோன்றுவதால், சோர்வு நீக்கும் மருந்துகளைச் சோதிக்க ஆய்வகங்கள் அம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளன. தாளிப்பின் மணம் எட்டாதவருக்கு உப்பும் புளிப்பும் உறைப்புமே எஞ்சுகின்றன. சமைத்தது தீய்ந்ததா என்றுகூட அறிய முடியாதவரிடம் சமையலில் நாட்டத்தை எப்படி எதிர்பார்ப்பது?

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில வினாடிகள் கவனத்தோடு முகரும் பயிற்சியின் பயனை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 12 வார ஆய்வின் வழியே 2009இல் வெளியிட்டனர். எல்லோருக்கும் முழுப் பலன் கிட்டுவதில்லை. பத்தே நாளில் கைவிடுபவருக்கு அது கிட்டுவதற்கு வழியே இல்லை. சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்துவதற்கென்று கலக்கப்படும் எத்தில் மெர்காப்டனின் நாற்றமும் அம்மாவுக்கு எட்டாது என்பதால், அடுக்களையில் கசிவு காட்டும் கருவியொன்றை உடனே பொருத்துவது நல்லது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதையும் தள்ளிப்போடலாகாது.

கேள்வி: மணம் திரும்புவதற்குத் துத்தநாகச் சொட்டு மருந்தை மூக்கில் விடலாமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: கூடாது, மிஞ்சியிருக்கும் மணமும் போய்விடக்கூடும்.

கேள்வி: பஞ்சாலையில் இரவு ஷிப்ட், வீட்டில் கடன் தொல்லை. 38 வயதிலேயே பெயர்கள் மறக்கின்றன. இது அல்சைமரா? ஞாபக மாத்திரை உண்டா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: இந்த வயதில் அல்சைமர் மிக அரிது. அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பி வெளியிடும் கார்டிசோல் வகை ஹார்மோன் ஹிப்போகாம்பஸில் சென்று பற்றுவதை எலிகளில் 1968இல் புரூஸ் மெக்யூவன் குழுவினர் காட்டினர். அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதும், அது நீங்கினால் மீண்டும் வளர்வதும் விலங்காய்வுகளில் பின்னர் வெளிப்பட்டன. உறக்கமும் கவனமும் இன்றிக் கேட்ட பெயர் மனத்தில் சரியாகப் பதிவதே இல்லை. பதியாத ஒன்றை மீட்டுத் தரும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. பி12, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, பகலுறக்கத்துக்கு இருட்டறையும் அமைதியும் கிடைக்கும்படி வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். கடன்காரரைக் கார்டிசோல் அறியாது எனினும், ஷிப்ட் மாற்றித் தருமாறு மேற்பார்வையாளரைக் கேட்பதற்கும் செலவில்லை.