வெந்த நீரை வீணாக்காதீர்! – வீட்டுச் சாறும் நிறைவான சாப்பாடும்

காய், பருப்பு, எலும்பு ஆகியவற்றைத் தண்ணீரில் வேகவைத்து, அவற்றின் ருசியும் சத்தும் இறங்கிய நீரை வடித்துச் சமையலுக்குப் பயன்படுத்துவதை ஆங்கிலச் சமையல் நூல்கள் 'ஸ்டாக்' என்கின்றன. நமக்கு இது புதிதன்று. நம் வீடுகளில் இதற்கு ஒரே பொதுப்பெயர் இல்லை, அவ்வளவுதான். பருப்புத் தண்ணீர், கொள்ளுத் தண்ணீர், சுண்டல் வெந்த தண்ணீர், எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெயரால் அழைத்து வந்திருக்கிறோம். இக்கட்டுரையில் அனைத்தையும் 'சாறு' என்றே குறிப்பிடுவோம்.

ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களில் இந்தப் பழக்கம் மெல்ல மறைந்து வருகிறது. காலையில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. இந்த அவசரத்தில் காய் வெந்த நீர் தொட்டியில் கொட்டப்படுகிறது. அதன் இடத்துக்குக் கடையில் விற்கும் சூப் தூளும் மசாலாக் கட்டியும் வந்துவிடுகின்றன. இதனால் என்ன இழக்கிறோம், எப்படி மீட்கலாம் என்பதே இந்தப் பாடம்.

அண்டை வீடுகளிலும் இதே வழக்கம்

நாம் வாழும் மாநிலங்களின் சமையலைக் கவனித்தால் சாறு எல்லா அடுப்பிலும் இருப்பது தெரியும். கர்நாடகத்தில் 'பஸ்ஸாரு' என்றால் வடித்த சாறு என்று பொருள். கீரையையும் பயறையும் வேகவைத்து வடித்து, நீரில் மசாலா அரைத்துவிட்டுச் சாறு வைப்பார்கள். வெந்த கீரையும் பயறும் பொரியலாகும். இரண்டும் ராகிக் களிக்குத் துணை. மராட்டியர் வீட்டில் ஹோலிக்குப் பூரண் போளி செய்யும்போது கடலைப்பருப்பு வெந்த நீரைக் கொட்டுவதில்லை; அதில் 'கடாச்சி ஆம்டி' தயாராகிறது. நம் வீடுகளிலும் போளி தட்டும் நாளில் அதே நீரில் ரசம் வைப்பது வழக்கம்தானே!

கொள்ளின் கதை இன்னும் சுவையானது. கொங்கு நாட்டில் கொள்ளு ரசம். ஆந்திரத்தில் மணிக்கணக்கில் சுண்டவைத்த 'உலவச்சாரு'. கர்நாடகத்தில் 'ஹுருளி சாரு'. இமயமலைச் சாரலில் குமாவோன், கட்வால் மக்கள் இதே கொள்ளை 'கஹத்' என்று அழைத்துக் குளிர்காலத்தில் விரும்பி உண்கிறார்கள். டில்லிக் கடைகளில் 'குல்த்தி' என்று கேட்டால் கொடுப்பார்கள். அசைவத்தில் லக்னோவும் டில்லியும் 'யக்னி'க்குப் பேர் பெற்றவை. கறியும் எலும்பும் வெந்த அந்தச் சாற்றில்தான் யக்னி புலாவுக்கு அரிசி வேகிறது.

நம் பக்கத்தில் செட்டிநாட்டு மண்டிக்கு அரிசி கழுவிய நீர்தான் அடிப்படை. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் விரும்பிக் குடித்து உலகமெங்கும் கொண்டுபோன 'மல்லிகடானி' சூப்பின் பெயர் நம் மிளகுத் தண்ணீரே.

நீரில் இறங்குவது எது, இறங்காதது எது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. சாற்றைப் பற்றி நம்மிடையே அளவுக்கு மீறிய நம்பிக்கைகள் உண்டு.

காயும் பருப்பும் வேகும்போது பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதியும், பொட்டாசியம் போன்ற உப்புகளும், ருசி தரும் பொருள்களும் நீரில் இறங்குகின்றன. வைட்டமின் சி-யும் இறங்கும்; ஆனால் அதில் கணிசமான பங்கு சூட்டில் அழிந்துவிடும். வெந்த நீரைக் கொட்டினால் இவையெல்லாம் வீண்.

ஆனால் புரதத்தின் பெரும்பகுதி பருப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும் குழந்தைக்கு வெறும் பருப்புத் தண்ணீரை மட்டும் ஊட்டிவிட்டு, "பருப்பு கொடுத்தாயிற்று" என்று திருப்தி அடையும் தாய்மார்களும் பாட்டிமார்களும் நம்மில் உண்டு. குழந்தை மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை. பருப்பை மசித்துக் கெட்டியாகக் கொடுத்தால்தான் அந்தச் சின்ன வயிற்றுக்குப் போதிய சத்து சேரும்.

எலும்புச் சாறும் அப்படித்தான். எலும்பையும் மூட்டையும் நெடுநேரம் வேகவைத்தால் அவற்றிலுள்ள கொலாஜன் என்ற பொருள் ஜெலட்டினாக மாறிச் சாற்றுக்குக் கனம் தருகிறது. ஆறியபின் சாறு அல்வாபோல உறைவது இதனால்தான். ஜெலட்டினும் புரதமே; ஆனால் உடலுக்கு அவசியமான டிரிப்டோபேன் அதில் இல்லை. ஆகவே அது முழுமையான புரதம் ஆகாது. எலும்புச் சாற்றில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது என்பதும் சரியன்று, இறங்குவது சொற்பமே. அதற்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்.

சுருங்கச் சொன்னால், சாறு சாப்பாட்டுக்குத் துணை. சாப்பாட்டுக்கு மாற்று அன்று. அரிசி, பருப்பு, காய், கறி இவற்றோடு சேரும்போதுதான் அது நிறைவான உணவாகிறது.

உப்பைக் குறைக்கும் வழி

அப்படியானால் சாற்றின் உண்மையான பெருமை எது? ருசிதான். அந்த ருசியால் உப்பைக் குறைக்க முடியும் என்பதே பெரிய லாபம்.

1908ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி கிக்குனே இகெதா, கடற்பாசி ஊறிய சாற்றின் ருசி குளுட்டமேட் என்ற பொருளால் வருவதைக் கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். தக்காளி, காளான், பட்டாணி, நன்கு வெந்த இறைச்சி ஆகியவற்றிலும் இந்தச் சுவை உண்டு. அதே 1908இல்தான் ஐரோப்பாவில் மாகி நிறுவனம் சூப் கட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடைக் கட்டி அல்லது தூளின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பொருள்களின் வரிசையில் உப்பு பெரும்பாலும் முதல் இடங்களிலேயே நிற்கும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தமுள்ள பெற்றோர் நம்மோடு தங்கியிருக்கும் வீடுகளில் இது சிறிய விஷயமல்ல. வீட்டுச் சாற்றில் உப்பே போடத் தேவையில்லை. இறுதியில் சமைக்கும் பண்டத்தில் ருசி பார்த்துச் சேர்த்தால் போதும்.

முதல் சாறு: காய்கறி

வட இந்தியக் குளிர்காலம் இதற்கு ஏற்ற பருவம். பட்டாணி, காரட், தக்காளி எல்லாம் மலிந்து கிடக்கும். பட்டாணி உரித்த தோல், காரட் முனை, வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, கொத்தமல்லித் தண்டு, காளான் தண்டு, இஞ்சி ஒரு துண்டு – எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. மண் போக நன்கு கழுவி, 2 லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தணலைக் குறைத்து 30 அல்லது 40 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். சுமார் ஒன்றரை லிட்டர் கிடைக்கும்.

முட்டைகோஸ், காலிபிளவர் சேர்த்தால் நாற்றம் தட்டும். பாகற்காய் கசக்கும். பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். அழுகியதும் வாடியதும் வேண்டாம். சாற்றுப் பானை குப்பைத் தொட்டி அல்ல.

இரண்டாம் சாறு: கொள்ளு

கொள்ளு 200 கிராமை இரவு ஊறவைத்து, ஊறிய நீரை மாற்றி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, குக்கரில் முதல் விசில் வந்தபின் சிறு தணலில் 25 நிமிடம் வேகவிடுங்கள். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் பருப்பு வகைகள் எளிதில் வேகா. வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

வடித்த சாற்றில் மூன்று தம்ளர் எடுத்து, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், பிசைந்த தக்காளி இரண்டு, மஞ்சள்தூள் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும், மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, பூண்டு ஐந்து பல் இவற்றைத் தட்டிப்போட்டு, ஒரு கைப்பிடி வெந்த கொள்ளை அரைத்துக் கரைத்து ஊற்றுங்கள். நுரை கட்டியதும் இறக்கித் தாளித்தால் ரசம் தயார். மீதிக் கொள்ளைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு வதக்கிச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் மசியல். சோற்றுக்கு இரண்டும் சேர்ந்தால்தான் கொள்ளின் முழுப் பயன்.

மூன்றாம் சாறு: எலும்பு

அசைவம் உண்பவர்களுக்கு: ஆட்டின் நல்லி எலும்பும் மூட்டும் அரைக் கிலோ வாங்கி, முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்த அழுக்கு நீரைக் கொட்டிக் கழுவுங்கள். கொட்ட வேண்டிய நீர் இது ஒன்றே! பிறகு இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர், வெங்காயம், இஞ்சி, பூண்டு, பத்து மிளகு, சிறு துண்டு பட்டை சேர்த்துக் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறு தணலில் 45 நிமிடம். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. திறந்த பாத்திரத்தில் மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். கோழி எலும்பென்றால் குக்கரில் 20 நிமிடம் போதும். குளிர வைத்தால் கொழுப்பு மேலே ஏடாக உறையும், வழித்து எடுத்துவிடலாம்.

இன்னொரு செய்தி: 1679இல் டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் நீராவி அழுத்தப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். நம் குக்கருக்கு முன்னோடி அதுவே. அவர் அதைச் செய்த நோக்கம், எலும்பை மென்மையாக்கி உணவாக்குவது!

ஒரு பானையில் முழுச் சாப்பாடு

திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு காய்கறிச் சாற்றுக்கென்றே பிறந்ததுபோல் அமையும். நான்கு பேருக்கு: துவரம்பருப்பு அரைத் தம்ளரை ஆறு தம்ளர் சாற்றில் முக்கால் பதம் வேகவிட்டு, ஒன்றரைத் தம்ளர் அரிசி, மூன்று தம்ளர் நறுக்கிய காய்கள் (கத்தரி, முருங்கை, வாழைக்காய், காரட், பட்டாணி), மஞ்சள்தூள் சேர்க்கவும். அரிசி முக்கால் பதம் வெந்தபின் சிறிது புளிக்கரைசலும், தேங்காய், சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்த விழுதும், உப்பும் சேர்த்துக் கிளறுங்கள். புளியை முன்னதாக விட்டால் பருப்பு வேகாது. இறுதியில் முருங்கைக்கீரை, நல்லெண்ணெயில் தாளிப்பு. அப்பளம் சுட்டால் போதும். குழம்பும் பொரியலும் தனியே வேண்டாம். வேலைக்குப் போகும் மகளிருக்கும், அறை எடுத்துத் தங்கிச் சமைக்கும் இளைஞர்களுக்கும் ஏற்றது.

எலும்புச் சாற்றை முதல் நாள் மிளகு, சீரகம் தட்டிப்போட்டுச் சூப்பாகவும், மறுநாள் சீரகச் சம்பா அரிசி ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சாறு வைத்துப் பட்டாணிப் புலாவாகவும் பயன்படுத்தலாம். உடன் கறியோ முட்டையோ இருக்கட்டும்.

பாதுகாப்பும் எச்சரிக்கையும்

சூடான சாற்றை இரவெல்லாம் மேடையில் விட்டுவைக்காதீர்கள். கொதியில் அழியாத நுண்ணுயிர் வித்துகள் வெதுவெதுப்பில் பெருகும். சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். உறைபெட்டியில் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் வரை வரும். எடுத்ததும் நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

ராஜ்மா ஊறிய நீரை அவசியம் கொட்ட வேண்டும். பயறைப் புதுநீரில் பத்து நிமிடமாவது கொதித்துக் குமிழியிட வேகவிட வேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள நச்சுப்பொருள் சிறு தணலில் அழியாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக் கீரை வெந்த நீரைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஆக்சலேட் இறங்கியிருக்கும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் காய்கறிச் சாறும், யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு எலும்பு, கறிச் சாறும் ஆகா. இவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே உண்ண வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி

வரும் ஞாயிறன்று காய்கறிச் சாறு ஒரு பானை வையுங்கள். ஒரே தக்காளி ரசத்தை இரண்டு பாத்திரங்களில் செய்யுங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீரும் வழக்கமான உப்பும், மற்றதில் சாறும் முக்கால் பங்கு உப்பும். எது எது என்று சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, எது ருசி என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டே சாற்றை வடிகட்டச் செய்யுங்கள். நாளைக்கு விடுதியிலோ வேற்றூரிலோ தனியே அடுப்பு மூட்டும்போது அவர்களுக்கு அது கைகொடுக்கும்.