தொலைவொளி விளக்கு

உள்ளங்கையில் அடங்கும் எல்.இ.டி. டார்ச்சு விளக்கு ஒன்றின் பெட்டியில் ‘400 மீட்டர்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. அத்தொலைவில் நிற்பவரின் முகம் தெரியும் என எண்ணிவிடலாகாது. ஒளி கால் லக்சு அளவாகக் குறையும் இடத்தையே விளக்கின் எல்லையாக அளவைமுறை வகுத்துள்ளது. அது ஏறத்தாழ முழுநிலவின் ஒளியாகும். நிலவொளியில் 400 மீட்டருக்கு அப்பால் நிற்பவரை இன்னார் என்று அறிவார் யார்? தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். ஆதலின் இரவில் ஏரிக்கரைக்கு ஆள் தேடிச் செல்வோர் 200 மீட்டருக்கு மேல் அதனை நம்பலாகாது. லூமன் எண் பெரிதாயிருத்தல் கண்டு மயங்கவும் வேண்டா. அது மொத்த ஒளியின் அளவு. அவ்வொளியைக் குவித்துத் தொலைவுக்குச் செலுத்துவது குழியாடியின் தொழில். சிறு விளக்குகள் விரைவிற் சூடேறித் தம் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்வதும் உண்டு. ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்தபின் விலை பேசுக.