வெள்ளிப் பாதங்கள்

யாத்திராகமத்தைத் தொடர்ந்து வாசித்து வருவோரில் பலர் 25ஆம் அதிகாரத்தை எட்டியதும் வேகத்தைக் கூட்டிவிடுகின்றனர். முழக்கணக்கு, பலகை, தாழ்ப்பாள், கொக்கி. அதுவும் கட்டளையிடும்போது ஒருமுறை, செய்து முடிக்கும்போது மறுபடியும் ஒருமுறை. இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. விடையின் ஒரு பகுதி 38ஆம் அதிகாரத்தின் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது.

ஆசரிப்புக் கூடாரத்திற்கான பொன்னை மனமுவந்தவர்கள் கொடுத்தார்கள். வெள்ளியோ எண்ணப்பட்ட ஒவ்வொருவனும் செலுத்திய அரைச்சேக்கல். ஐசுவரியவான் அதற்கு அதிகமாய்க் கொடுக்கலாகாது. தரித்திரன் குறைத்தும் கொடுக்கலாகாது. எண்ணப்பட்டோர் 6,03,550 பேர். சேர்ந்த வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்க்கப்பட்டன. கூடாரத்தின் 48 பலகைகளுக்கு இரண்டிரண்டாக 96; உள் திரைச்சீலையின் தூண்களுக்கு நான்கு. ஒரு தாலந்து 3,000 சேக்கல். ஆகவே ஒவ்வொரு பாதத்திலும் 6,000 பேருடைய காணிக்கை உருகிக் கலந்திருந்தது. எவனுடைய வெள்ளி எந்தப் பாதத்தில் என்று பிரித்தறிய முடியாது. எஞ்சிய 3,550 பேரின் வெள்ளியும் வீணாகவில்லை. அது தூண்களின் கொக்கிகளும் பூண்களுமாயிற்று.

பொன் கண்ணுக்குத் தெரிந்தது. பாரத்தைத் தாங்கிய வெள்ளி பாலைவன மணலை ஒட்டிக் கிடந்தது.

தில்லியில் காஷ்மீரி வாயிலருகே நிற்கும் தூய யாக்கோபு ஆலயம் இக்கணக்கை வேறொரு பக்கத்திலிருந்து நினைப்பூட்டுகிறது. 1800ஆம் ஆண்டு உனியாரா போர்க்களத்தில் மராட்டியர் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் குண்டடிபட்டுக் கிடந்தார். உயிர் பிழைத்தால் ஆலயம் கட்டுவதாகப் பொருத்தனை செய்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினரான ஒரு முதியவரும் ஒரு பெண்மணியும் அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அருகில் கிடந்த இராஜபுத்திர வீரர் அவர்கள் கையிலிருந்து வாங்க மறுத்தார். ஸ்கின்னர் வாங்கிப் புசித்துக் குடித்தார். பொருத்தனையின்படி தம் சொந்தப் பணத்தில் அவர் கட்டிய ஆலயத்தை 1836இல் பேராயர் டானியல் வில்சன் பிரதிஷ்டை செய்தார்.

சிலுவை வடிவ அமைப்பும் நடுவில் குவிமாடமும் கொண்ட அழகிய ஆலயம் அது. அதன் உச்சியிலிருந்த செம்புக் கோளமும் சிலுவையும் 1857இல் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இலக்காயின. ஸ்கின்னரும் ஆலயத்திற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தண்ணீர் கொடுத்த அவ்விருவரை நாம் அறிவதோ ஸ்கின்னரின் நினைவுக் குறிப்புகளால் மட்டுமே. அவற்றிலும் அவர்களுக்குப் பெயரில்லை. ஒருவர் தம் பணத்தால் நிறைவேற்றிய பொருத்தனை மெய்யானதே, மதிப்புக்குரியதே. ஆனால் அந்த ஆலயத்தின் பாதங்களில் அவர்கள் கொண்டுவந்த அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன அல்லவா?

நன்கொடையாளர் பெயர்களைத் தொகைவாரியாகப் பளிங்கில் பொறித்து, பெருந்தொகைக்குப் பெரிய எழுத்தும் சிறுதொகைக்கு "மற்றும் பலர்" என்பதும் வழங்கும் பழக்கம் நம் சபைகளில் புதியதல்ல. மோசேயின் கணக்கில் "மற்றும் பலர்" இல்லை. கடைசி 1,775 சேக்கலுக்கும் வரவு உண்டு, செலவும் உண்டு.

பாளயம் பெயர்ந்தபோதெல்லாம் அந்தப் பாதங்களைச் சுமந்தவர்கள் மெராரியின் புத்திரர். அவர்கள் சுமக்கவேண்டிய தட்டுமுட்டுகளைப் பெயர்பெயராக எண்ணி ஒப்புவிக்கும்படி எண்ணாகமம் 4ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது.